புருஷன்தான்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி உலகத்துக்கு அவன் ஹாரன். ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் வைத்த பெயர் அது. வைத்தவன் எங்கே போனானோ தெரியாது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது நாற்பத்தொரு வயது. முதலாளிகூட வாடிக்கையாளர் எதிரில், “ஹாரன், அந்தச் சிவப்பு ஃபிரேம் முடிஞ்சுதா?” என்றுதான் கேட்பார். அவன் கோபித்துக்கொள்வதில்லை. கோபம் வந்தால் சத்தம் கூடும், பெயர் இன்னும் பொருந்திப்போகும்.

சத்தம் என்றால் தொண்டைக்குள்ளிருந்து ‘ஹக்’ என்று ஒன்று. அதோடு கழுத்து இடது பக்கமாக ஒரு வெட்டு வெட்டும். ஆறு வயதில் வெறும் கண் சிமிட்டலாக ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்து அடித்தார்கள். உறவுக்காரர்கள் சேட்டை என்றார்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்தாயிற்று என்றார்கள், வாய் வலிக்காமல் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவராவது அவனிடம் “உனக்கு வலிக்குதா?” என்று கேட்டதில்லை. இருபத்து மூன்று வயதில்தான் ஒரு டாக்டர் ஆற அமர உட்கார்ந்து பார்த்துவிட்டு, இதற்கு டூரெட் சிண்ட்ரோம் என்று பெயர் என்றார். இந்தச் சத்தத்தையும் வெட்டலையும் டிக் என்பார்களாம். தும்மலைக் கொஞ்ச நேரம் அடக்கலாம், ஒரேயடியாக அடக்க முடியுமா, அந்த மாதிரிதான் என்றார். மருந்து கொஞ்சம் கேட்டது, கொஞ்சம் கேட்கவில்லை. ஆனால் திமிர் இல்லை, வியாதி என்று ஒரு மனிதர் எழுதிக் கொடுத்த சீட்டை அவன் பல வருஷம் பர்ஸில் வைத்திருந்தான்.

இந்த வியாதிக்குள் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. யாராவது சொன்ன சொல் ஒன்று திடீரென்று அவன் நாக்கில் ஏறிக்கொள்ளும். சொல் மட்டும் இல்லை, சொன்னவருடைய குரலும் இழுவையும் அட்சரம் பிசகாமல் வரும். ஒரு சமயம் முதலாளியின் “நாளைக்கு வாங்க” ஏறிக்கொண்டது. பின்னறையிலிருந்து முதலாளி குரலில் அதைக் கேட்டுவிட்டு இரண்டு வாடிக்கையாளர்கள் வீட்டுக்கே போய்விட்டார்கள். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். அப்படி ஏறுகிற சொல் இரண்டு மாதமோ எட்டு மாதமோ குடியிருக்கும், பிறகு சொல்லிக்கொள்ளாமல் போய்விடும்.

இத்தனைக்கும் நடுவில் அவனுக்கென்று ஒரு சுவர் இருந்தது என்றால் அது அண்ணன்தான். ஐந்து வயது மூத்தவர், தண்ணீர் மோட்டார் மெக்கானிக். சின்ன வயதில் இரண்டு பேரும் பஸ்ஸில் போகும்போது தம்பி ‘ஹக்’ என்றால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். உடனே அண்ணனும் ‘ஹக்’ என்பார், அதைவிடச் சத்தமாக. கழுத்தையும் வெட்டுவார். எவனுக்கு வியாதி என்று தெரியாமல் ஜனங்கள் விழிக்கும். யாராவது முறைத்தால் நேராக அவர் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை செய்வார். இறங்கும் வரை இது நடக்கும். இதைப் பற்றி அண்ணன் ஒருநாளும் பேசியதில்லை. தம்பியும் நன்றி சொன்னதில்லை. அண்ணனுக்குப் போய் நன்றி சொல்வார்களா?

ஹாரனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு இடத்தில் பெண் பார்க்கப் போய், காபி வருவதற்குள் சத்தம் வந்து, காரியம் கெட்டது. மூன்றாவது இடத்துக்கு அவனே வேண்டாம் என்றுவிட்டான். அண்ணன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறை எடுத்துக்கொண்டான். சாப்பாடு மட்டும் அண்ணன் வீட்டில்.

அண்ணி அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம். பரிமாறிக்கொண்டே தன் பிறந்த வீட்டுக் கதை எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஹாரன் எவ்வளவோ அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. ‘ஹக்’ என்றது. அண்ணன் கை சோற்றில் அப்படியே நின்றது. அண்ணி கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை. “பரவாயில்லையே, இந்த வீட்டுல ஒருத்தராவது நான் பேசறதுக்கு உம் கொட்டறாங்க” என்று சொல்லி இன்னொரு கரண்டி போட்டாள். அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்காக அவன் எதையும் செய்வான் என்றாகிவிட்டது. பிள்ளைகள் இல்லாத வீடு. மூன்று பேர் சாப்பிட உட்கார்ந்தால் நாலு பேர் சத்தம் கேட்கும்.

லென்ஸ் தேய்ப்பது என்பது வட்டக் கண்ணாடியின் ஓரத்தைச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்து, ஃபிரேமின் வடிவத்துக்குக் கொண்டுவருவது. முடியளவு கூடினால் ஏறாது, குறைந்தால் கழன்று விழும். கழுத்து வெட்டுகிறவனுக்கு இந்த வேலையா என்று முதலில் முதலாளியே சந்தேகப்பட்டார். ஆனால் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, காதில் ஒரு பாட்காஸ்ட்டையும் போட்டுக்கொண்டால் ஹாரனின் உடம்பு அடங்கிவிடும். கவனம் முழுக்க ஓரிடத்தில் நின்றால் வியாதி கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். அவனைக் கட்டிப் போடுகிற பாட்காஸ்ட் ஒன்றுதான், நிஜமாக நடந்த கொலைகளைச் சொல்வது. இரண்டு பேர் பேசுவார்கள். யார் கடைசியாகப் பார்த்தது, கதவு எந்தப் பக்கம் பூட்டியிருந்தது என்று துருவித் துருவிப் போவார்கள். எலியைக் கண்டால் ஓடுகிற மனிதன் ஒரு நாளைக்கு மூன்று கொலை கேட்பான்.

கேட்ட கொலையை மறுநாள் அண்ணியிடம் சொல்லியாக வேண்டும். “காதுல அதைச் செருகினா எனக்குத் தலை சுத்தும், நீங்களே சொல்லுங்க தம்பி” என்பாள். அண்ணன் மோட்டார் வேலைக்குப் போன பிறகு மத்தியானம் போன் செய்வாள். பாதிக் கதை போனில், மீதி சாப்பாட்டின்போது. ஆள் யார் என்று அவள் கண்டுபிடிப்பதற்குத் துப்பே தேவையில்லை. கதை ஆரம்பித்து இரண்டு நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிடும்.

“புருஷன்தான்.”

“இல்ல அண்ணி, புருஷன் அன்னைக்கு ஊர்லயே இல்ல.”

“ஊர்ல இல்லாம எப்படி இருக்கறதுன்னு அவங்களுக்குத் தெரியாதா? புருஷன்தான்.”

செத்துப்போனவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று ஒருமுறை மடக்கினான். “அப்போ ஆகப்போற புருஷன்” என்றாள். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, “ஏய், இதைச் சொல்லும்போது என்னை எதுக்குடி பார்க்கறே?” என்பார். அந்தச் சொல்லில் ‘தான்’ என்பதை அவள் ஒரு இழுப்பு இழுத்து, கடைசியில் சிரிப்பாக உடைப்பாள். ஒருநாள் அது ஹாரனின் நாக்கில் ஏறிக்கொண்டது. அதே இழுப்பு, அதே சிரிப்பு. “புருஷன்தாஆன்!” கடையில், பஸ்ஸில், தெருவில். அண்ணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரும். அண்ணன்கூட, “வீட்டுல ஒருத்தி போதாதுன்னு” என்று சொல்லிச் சிரித்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை அண்ணி செத்துப்போனாள். நாற்பத்து நாலு வயது. சாயங்காலம் நாலரைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் ஏதோ கேட்க வந்து, சமையலறையில் விழுந்து கிடந்தவளைப் பார்த்தாள். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். ஹாரன் வாசலுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். உள்ளே போனால் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். எந்த இடத்தில் எதைச் சொல்லவே கூடாதோ அதை அவன் நாக்கு தேடிப் பிடிக்கும், அதுதான் இந்த வியாதியின் குணம். ஆனால் கடைசியாக முகம் பார்க்க எல்லோரையும் கூப்பிட்டபோது அண்ணனே எழுந்து வந்து அவன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டு போனான். அவள் முகத்தைப் பார்த்ததும் அழுகை வந்து, கைக்குட்டை விழுந்தது.

“புருஷன்தாஆன்!”

அவளுடைய இழுப்பு, அவளுடைய சிரிப்பு. அழுதுகொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்தினார்கள். அண்ணன் முகம் பேயறைந்தது போல ஆயிற்று. ஹாரன் வாயைப் பொத்திக்கொண்டான். பொத்திய கைக்குள்ளிருந்து இன்னொரு தடவை வந்தது.

அப்புறம் என்ன, சொல்லவா வேண்டும். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் துப்பறிய ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணியின் மாமா ஒருவர், வருஷத்துக்கு ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதவர், “கூடவே இருக்கற தம்பி சும்மா சொல்லுவானா?” என்று மூலையில் நின்று கேட்டார். வியாதி என்று தெரிந்தவர்கள்கூட, “வியாதிதான், ஆனாலும்” என்றார்கள். அந்த ‘ஆனாலும்’ வீடு வீடாகப் போயிற்று. மனைவியைப் பறிகொடுத்து நிற்கிற மனிதரிடம் அவளுடைய அக்கா நேராகவே கேட்டாள், அன்றைக்கு எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினீங்க என்று. அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அதுவும் ஒரு துப்பாகிவிட்டது.

பத்தாம் நாள் ஹாரன் சாப்பிடப் போனபோது அண்ணன் வாசலிலேயே நின்றார். உள்ளே அழைக்கவில்லை.

“கொஞ்ச நாளைக்கு வராதே” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

நாலு மாதம் ஆயிற்று. ஹாரன் ஓட்டலில் சாப்பிட்டான். கொலைப் பாட்காஸ்ட் கேட்பதை விட்டான். உடம்பு அடங்க வேறு வழி இல்லாமல் லென்ஸ் உடைந்தது. முதலாளி நல்ல மனிதர், இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டார், மூன்றாவது வாரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது ஹாரனுக்கு. அண்ணன் விலகிப் போய்விட்டார் என்பதுதான் தாங்க முடியவில்லை. அந்த ஒரு மனிதரிடம் போய், “நான் சொல்லல, வியாதி சொன்னது” என்று சொல்ல வேண்டும். ஆனால் நேரில் போய் வாயைத் திறந்தால் வியாதிதானே முதலில் பேசும்?

அப்போதுதான் டாக்டர் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் முன்மேசையில் வேலை பார்ப்பவள். அவளுக்கும் இதே வியாதி, அடிக்கடி கை தட்டுவாள். டூரெட்டோடு வாழ்வதைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறாள். சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்ட சின்ன அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனை மைக் முன்னால் உட்கார வைத்தாள்.

“ஒரே ஒரு விஷயம்ண்ணா. இங்க எதையும் வெட்டமாட்டோம். நீங்க ‘ஹக்’னு சொன்னா அது அப்படியே இருக்கும், நான் தட்டினா அதுவும் இருக்கும்” என்று சொல்லிவிட்டு இரண்டு தட்டு தட்டினாள். அவன் ‘ஹக்’ என்றான். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பள்ளிக்கூட அடி, பெண் பார்த்தது, அண்ணன் பஸ்ஸில் செய்தது, அண்ணியின் தீர்ப்பு, கூடத்தில் நடந்தது. “அந்தச் சொல்லு எனக்கு எப்படி வந்துச்சுன்னு எங்க அண்ணனுக்குத் தெரியும். தெரிஞ்சும் தாங்கலன்னா தப்பு அவர் மேல இல்ல. எங்க அண்ணன் ஒரு பாவமும் செய்யாதவர். இதை நாலு பேர் கேக்கணும்னுதான் வந்தேன்.” சொல்லி முடிக்கும் வரை ‘ஹக்’ எத்தனையோ தடவை வந்தது. அந்தச் சொல் மட்டும் தானாக ஒரு தடவைகூட வரவில்லை. மைக்குக்கு முன்னால் நாக்கு நல்ல பிள்ளையாக இருந்தது.

ஆனால் எல்லாவற்றையும் சொன்னான் என்பது பொய். ஒன்றை விட்டுவிட்டான். இத்தனை நேரம் நானும் அதைச் சொல்லவில்லை, அவனே யாரிடமும் சொல்லாதபோது நான் எப்படிச் சொல்வது? அந்த வியாழக்கிழமை இரண்டேகால் மணிக்கு அண்ணி அவனுக்குப் போன் செய்தாள். அவன் காதில் ஒரு கொலை ஓடிக்கொண்டிருந்தது, கையில் லென்ஸ் இருந்தது. நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்றாள். பத்து நிமிஷத்தில் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டான். அந்தக் கொலை முடிந்து அடுத்த கொலை ஆரம்பித்தது. அவன் கூப்பிடவே இல்லை.

பதிவு வெளிவந்ததும் அதை அண்ணனுக்கு அனுப்பினான். முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள், ஒரு தாய் தன் மகனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினாள். அண்ணனிடமிருந்து ஒன்றும் இல்லை.

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம், அண்ணன் கடைக்கு வந்தார். கிரீஸ் பட்ட சட்டை. ஆள் பாதியாகியிருந்தார். கையில் கால் உடைந்த கண்ணாடி.

“இதைப் பாரு” என்றார்.

பின்னறையில் இருந்தது ஒரே ஸ்டூல். ஹாரன் அதை அவர் பக்கம் தள்ளினான். அவர் அதை விட்டுவிட்டு லென்ஸ் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார்.

“நீ பேசினதைக் கேட்டேன். மூணு தடவை கேட்டேன்.”

“அண்ணா, அன்னைக்கு நான்...”

“உன் வியாதியை எனக்கே விளக்கிச் சொல்றியா? உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்டா. நீ சொன்னதுக்கா உன்னை வராதேன்னேன்? அது அவ குரல். அவளே படுத்துக்கிட்டுச் சொன்ன மாதிரி இருந்துச்சு.” அவர் கண்ணாடியைத் துடைத்தார். “அன்னைக்கு நான் கிளம்பும்போது நெஞ்சை அடைக்குதுன்னு சொன்னா. செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தேன். வாயுவா இருக்கும், வெந்நீர் குடி, மோட்டாரை முடிச்சுட்டு வந்துடறேன்னேன். எல்லாரும் வந்து விதின்னாங்க. அவ மட்டும்தான் உள்ளதைச் சொன்னா. நீ என்னடான்னா பாவம் செய்யாதவர்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கே.”

இதற்கு மேல் எதை ஒளிப்பது? ஹாரன் சக்கரத்தை நிறுத்தினான். இரண்டேகால் மணி போனைச் சொன்னான். காதில் ஓடியதைச் சொன்னான், பத்து நிமிஷம் என்றதைச் சொன்னான், கூப்பிடாததைச் சொன்னான். அண்ணன் எழுந்து அறைந்தால் வாங்கிக்கொள்வது என்று முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை.

“ரெண்டேகாலுக்கா?”

“ஆமா.”

“நான் ஒரு மணிக்குக் கிளம்பிட்டேன். அதுக்கப்புறம் நல்லாத்தான் பேசினாளா?”

“நல்லாப் பேசினாங்க. ‘அந்தக் கிணத்துக் கேசு என்னாச்சு தம்பி’ன்னு கேட்டாங்க. இன்னும் முடியல அண்ணின்னேன். ‘எதுக்கு முடியணும், புருஷன்தான்’னாங்க.”

“சிரிச்சாளா?”

“சிரிச்சாங்க.”

அண்ணன் உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு மணியிலிருந்து தன்னைச் சபித்துக்கொண்டே செத்தாள் என்று நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தம்பி போனை வைத்ததெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை. அவள் சிரித்தாள் என்பது மட்டும் ஏறியது.

“என் போன்ல அவ வீடியோ ரெண்டு இருக்கு. ரெண்டுலயும் எடுக்காதீங்கன்னு கையை ஆட்டறா, அவ்வளவுதான். அதான் நீ பேசினதை மூணு தடவை கேட்டேன். நடுவுல எங்கேயாவது வந்துடுமான்னு. ‘ஹக்’தான் வருது.” அவர் பெட்டியின் மேல் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “ஒரு தடவை சொல்லுடா. அவ மாதிரி.”

ஹாரன் சொன்னான். “புருஷன்தான்.” இழுத்துப் பார்த்தான். சிரிப்பையும் சேர்த்துப் பார்த்தான். மேடையில் பல குரலில் பேசுகிறவன் செய்வது போல இருந்தது, வெட்கமாக இருந்தது.

அண்ணன் தலையசைத்தார். “இது நீ.”

“கேட்டா வராதுண்ணா. தானா வரணும்.”

“சரி. வரட்டும். எனக்கு வேலை ஒண்ணும் இல்ல.”

கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதலாளி திரும்பி வந்து, அண்ணனைப் பார்த்துவிட்டு முன்பக்கம் போனார். ‘ஹக்’ என்றது. அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார், பிறகு தணிந்தார். கழுத்து வெட்டியது. மறுபடியும் ‘ஹக்.’ ஒவ்வொரு தடவையும் அவர் நிமிர்ந்தார். நாற்பத்தொரு வருஷத்தில் அவனிடமிருந்து ஒரு டிக் வரவேண்டும் என்று காத்திருந்த மனிதர் அவர் ஒருவர்தான்.

ஹாரன் நாட்களைப் பின்னோக்கி எண்ணினான். கடைசியாக அந்தச் சொல் வந்தது பஸ்ஸில். முன்சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். மறுநாள் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அப்பாடா, தொலைந்தது என்று அன்றைக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

“அவசரம் இல்லடா, மெதுவா வரட்டும்” என்றார் அண்ணன்.

அது போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஹாரன் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.